'அண்ட்' போதுமா, 'அண்ட் ஐ' வேண்டுமா?

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை எனக்கு. இரவு ஷிஃப்ட் முடியும்போது ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் இப்படி எழுதினேன்: "ஐ டோல்ட் த ஆபரேட்டர் டு ஸ்டாப் த மெஷின் அண்ட் செக் த வால்வ்." ஆபரேட்டரிடம் மெஷினை நிறுத்தச் சொன்னேன், வால்வை நானே பார்த்தேன் என்று சொல்ல வந்தேன். 'செக்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் வால் விழுந்துவிட்டது. பேசும்போது அந்த 'ட்' நம் வாயில் வருவதே இல்லை, அன்றைக்குக் கையிலும் வரவில்லை. காலையில் அந்த ஆபரேட்டர் தம்பியைக் கூப்பிட்டு, வால்வைப் பார்க்கச் சொன்னார்களே, ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் அப்படி யாரும் சொல்லவே இல்லையே என்று அவன் திகைத்துப்போனான். நான் போய் விளக்கிச் சொல்லும்வரை பழி அவன் மேல்தான் இருந்தது.

'அண்ட் ஐ' என்று ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால், பின்னால் 'செக்ட்' என்று இருந்தாலும் 'செக்' என்று இருந்தாலும், வால்வைப் பார்த்தது யார் என்ற கேள்வியே வந்திருக்காது. 'நான்' செய்த இரண்டு காரியங்களை ஆங்கிலத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதை நான் கவனமாகப் பார்க்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

நமக்கு இது ஏன் தடுக்குகிறது? தமிழில் 'சொன்னேன், பார்த்தேன்' என்றால் 'நான்' தேவையே இல்லை, ஆள் அந்த 'ஏன்' விகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில 'டோல்ட்' அப்படி இல்லை, நான் சொன்னாலும் அவன் சொன்னாலும் அதே 'டோல்ட்'தான். மலாயில் 'பெர்கி' என்றாலும் போனது யார் என்று தெரியாது, ஆனாலும் பேச்சில் இடம் பார்த்து ஆளை விட்டுவிடுவார்கள். தமிழும் மலாயும் நாள் முழுக்கப் பேசிவிட்டு ஆங்கிலம் எழுத உட்காரும்போது 'ஐ' நழுவிப்போவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, ஒரே சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் ஃபெரியைத் தவறவிட்டு, பாலம் வழியாகச் சுற்றி வந்து, ஜோர்ஜ்டவுனுக்குத் தாமதமாகச் சேர்கிறீர்கள்.

"ஐ மிஸ்ட் த ஃபெரி அண்ட் கேம் பை த பிரிட்ஜ்." இரண்டாவது 'ஐ' இல்லை, கமாவும் இல்லை, ஒரே மூச்சில் நடந்த மாதிரி இருக்கிறது. இதில் தப்பே இல்லை. தமிழில் 'போய் வாங்கினேன்', 'எழுந்து குளித்தேன்' என்று வினையெச்சமாக வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் இந்த வடிவத்தைத் தைரியமாகப் போடலாம். இந்த வகை எச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும், இதை நம் பழைய இலக்கணக்காரர்கள் 'வினைமுதல் முடிபு' என்பார்கள். 'ஐ'யை விடுவதற்கும் அதே நிபந்தனைதான்.

"ஐ மிஸ்ட் த ஃபெரி, அண்ட் ஐ கேம் பை த பிரிட்ஜ்." இங்கே இரண்டும் தனித்தனி வாக்கியம், அதனால்தான் நடுவில் கமா. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இது கொஞ்சம் கனம். ஆனால் என் ரிப்போர்ட் மாதிரி நடுவில் இன்னொரு ஆள் வந்துவிட்டால், அல்லது முதல் பாதி இழுத்துக்கொண்டே போனால், எனக்கு இதுதான் வேண்டும். 'பட்' போட்டாலும் கணக்கு இதேதான்: 'ஐ கால்ட் பட் காட் நோ ஆன்சர்' என்று விடலாம், 'பட் ஐ காட்' என்று வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

'ஸோ' அப்படி இல்லை. "ஐ மிஸ்ட் த ஃபெரி, ஸோ ஐ கேம் பை த பிரிட்ஜ்" என்றுதான் எழுத வேண்டும், 'ஸோ கேம்' என்று ரிப்போர்ட்டிலோ பரீட்சையிலோ எழுதினால் திருத்திவிடுவார்கள். 'பிகாஸ்' பக்கத்திலும் 'ஐ' கட்டாயம்.

இந்த இரண்டில் எது? நான் பெரும்பாலும் 'ஸோ' பக்கம். 'தவறவிட்டதால் பாலத்தில் வந்தேன்' என்று காரணத்தை முதலில் சொல்லித்தான் நமக்குப் பழக்கம், 'ஸோ' அதே வரிசையில் ஓடுகிறது. முதலாளிக்குச் செய்தி அனுப்பும்போது மட்டும் மாற்றிக்கொள்வேன். "ஐ வில் பி லேட் பிகாஸ் ஐ மிஸ்ட் த ஃபெரி" என்றால் அவருக்கு வேண்டியது முதலிலேயே வந்துவிடுகிறது, காரணத்தை அவர் அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

'பிகாஸ்' விஷயத்தில் ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். முன்னால் 'டிட்ன்ட்' வந்தால் பொருள் இரண்டாகப் பிளக்கும். "ஐ டிட்ன்ட் கால் யூ பிகாஸ் ஐ வாஸ் ஆங்ரி." கோபத்தில் இருந்ததால் உன்னைக் கூப்பிடவில்லை என்றும் எடுக்கலாம், நான் உன்னைக் கூப்பிட்டது கோபத்தினால் அல்ல என்றும் எடுக்கலாம். ஒன்றில் கூப்பிடவே இல்லை, மற்றதில் கூப்பிட்டாகிவிட்டது! பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும், வாட்ஸ்அப்பில் குரல் ஏது? "ஐ வாஸ் ஆங்ரி, ஸோ ஐ டிட்ன்ட் கால் யூ" என்று எழுதிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

'ஆல்தோ' போட்டுவிட்டு 'பட்'டும் போடுகிறவர்கள் இங்கே நிறைய. 'களைப்பாக இருந்தாலும் வந்தேன்' என்பதில் 'ஆலும்' ஒன்றே போதுமானதாக இருக்கிறதே, ஆங்கிலத்திலும் இரண்டில் ஒன்றுதான்.

என் அக்கா மகள் இந்த வருடம் எஸ்பிஎம், அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு எழுதுகிறாள். ஆங்கிலப் பாடம் (குறியீடு 1119), எழுத்துத் தாளின் முதல் பகுதியில் சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். "மாமா, எல்லா வரியும் ஐ-லயே ஆரம்பிக்குதுன்னு டீச்சர் வட்டம் போட்டுட்டாங்க" என்று வந்தாள். அவள் அதற்குக் கண்டுபிடித்திருந்த வழி 'இங்'. "வெயிட்டிங் அட் த ஜெட்டி, த ரெயின் ஸ்டார்ட்டட்" என்று எழுதியிருந்தாள். இதை அப்படியே தமிழில் சொல்லிப் பார் என்றேன். 'படகுத்துறையில் காத்திருந்து மழை பெய்தது' என்று பாதி சொல்லும்போதே நிறுத்திவிட்டாள். காத்திருந்தது மழையா? வினைமுதல் முடிபு என்ற பெயரைக் கேட்டிராத பிள்ளை, ஆனாலும் காது பிடித்துவிட்டது. "ஐ வாஸ் வெயிட்டிங் அட் த ஜெட்டி வென் த ரெயின் ஸ்டார்ட்டட்" என்று அவளே மாற்றினாள். 'ஐ'யில்தான் ஆரம்பிக்கிறது, இருக்கட்டும். அன்றாட ஆங்கிலத்தில் 'இங்'கை முன்னால் வைத்து யாரும் அதிகம் பேசுவதில்லை, வட்டத்துக்குப் பயந்து அதைப் பிடிப்பதைவிட இரண்டு வரியை 'அண்ட்'டால் சேர்த்தாலே ஒரு 'ஐ' குறைந்துவிடும்.

நண்பர்களுக்குள் "காட் ஃபீவர், டுக் எம்சி" (எம்சி என்றால் மருத்துவ விடுப்பு) என்று 'ஐ'யே இல்லாமல் அனுப்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். யாருக்குக் காய்ச்சல் என்று படிக்கிறவனுக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் தெரியாது.

மூன்று, நான்கு காரியங்கள் சேர்ந்துவிட்டால் நான் எதையும் இணைப்பதில்லை, முற்றுப்புள்ளிதான். நேற்று இரவு எழுதியது இது: "ஐ டோல்ட் த ஆபரேட்டர் டு ஸ்டாப் த மெஷின். ஐ செக்ட் த வால்வ் அண்ட் சேஞ்ச்ட் த சீல்." வால்வைப் பார்த்ததும் சீலை மாற்றியதும் ஒரே கையின் வேலை, அங்கே இன்னொரு 'ஐ' போடவில்லை. 'செக்ட்'டின் வால் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.