108 பீஸ் டூல் செட் விளம்பரம்: பணம் கட்டிவிடாதீர்கள்

“கடையை மூடுகிறோம், இன்றே கடைசி நாள். 108 பீஸ் டூல் செட், கூடவே 48 வோல்ட் பேட்டரி டிரில், எல்லாம் சேர்த்து 1,999 ரூபாய்.” இந்த விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். நான் முதன்முதலில் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. கடை இன்னும் மூடவில்லை. நேற்றும் கடைசி நாளாகத்தான் இருந்தது. அதற்குப் பணம் கட்டிய புத்திசாலிகளில் நானும் ஒருவன்.

எங்கள் வீடு கோவை கணபதியில். முன்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அதற்குள் பன்னிரண்டு வயதான மாருதி கார் ஒன்று, ஸ்பிளெண்டர் ஒன்று. சர்வீஸ் பில்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஆயில் மாற்றுவது, பெல்ட் இறுக்குவது போன்ற சில்லறை வேலைகளையாவது நானே செய்துகொள்வதென்று முடிவு செய்தேன். அதற்கு ஒதுக்கியது 5,000 ரூபாய். அதில் பாதிகூடக் கரையாமல் ஷெட் நிறையக் கருவிகள் வந்துவிடும் என்று படம் போட்டுக் காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? “இவ்வளவு மலிவாக எப்படிங்க தருவார்கள்?” என்று மனைவி கேட்டார். கடையை மூடுகிறார்கள், அதனால்தான் என்று விவரம் தெரிந்தவனைப்போல் பதில் சொன்னேன்.

பார்சல் வந்த அன்று, பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றேன். “பணம் வாங்காமல் பிரிக்க விடக்கூடாது சார், எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்” என்றார் கொண்டுவந்த தம்பி. அவர்மீது குற்றமில்லை. கொடுத்துவிட்டேன். படத்தில் சூட்கேஸ் போல விரிந்து கிடந்த பெட்டி, கையில் வாங்கியபோது டிபன் பாக்ஸைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது.

உட்கார்ந்து எண்ணினேன். 46. அதில் ஏறக்குறைய பாதி, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான திருப்புளி முனைகள். சாக்கெட் (நட்டின்மேல் குல்லாபோல் மாட்டித் திருகும் குழல்) என்று சொல்லத்தக்கவை 13. அவை 4 மில்லிமீட்டரில் தொடங்கி 14-இல் முடிந்துவிட்டன. ஸ்பிளெண்டரில் ஆயில் இறக்க 17 வேண்டும். கார் வீல் நட்டுக்கு 19 வேண்டும். இரண்டும் இல்லை. ஆனால் 4, 4.5, 5, 5.5 என்று வரிசையாக வைத்திருந்தார்கள். அந்த அளவில் ஒரு நட்டை என் இரண்டு வண்டிகளிலும் நான் இன்றுவரை பார்க்கவில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்கென்றே வைத்த சாமான் அது. 108 பீஸ் என்ற பேச்சே அதற்குத்தான். ஒருவேளை உண்மையாகவே 108 வந்திருந்தாலும் மீதி அறுபத்திரண்டும் இந்த ரகமாகத்தான் இருந்திருக்கும்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று, காரில் கீச்சிட்டுக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) பெல்ட்டை இறுக்கப் போனேன். 14 மில்லிமீட்டர் போல்ட். சாக்கெட்டை மாட்டி, அதைத் திருகும் பல்சக்கரக் கைப்பிடியான ராட்செட்டைப் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். போல்ட் அசையவில்லை, கைப்பிடி மட்டும் வழுக்கிச் சுற்றியது. என் விரல் முட்டி நான்கும் பக்கத்திலிருந்த இரும்புத் தகட்டில் போய் மோதின. தோல் உரிந்த கையோடு ராட்செட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பல்சக்கரத்தில் மூன்று பல் நொறுங்கி, பல்பொடிபோல் கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்கெட்டின் வாய் விரிந்து, போல்ட்டின் ஆறு முனைகளையும் உருட்டிவிட்டிருந்தது.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “இந்தப் பொம்மையை வைத்தா திருகினீர்கள்?” என்றார். சற்றுச் சிறிய சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, போல்ட்டைக் கழற்றிப் புதியது போட்டார். 350 ரூபாய். கீச்சுச் சத்தமும் நின்றது.

அவர் பொம்மை என்றதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. அந்த ராட்செட்டில் சாக்கெட் மாட்டும் சதுரக் கட்டை கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். இறுக்கமான போல்ட்டுகளுக்கு மெக்கானிக்குகள் எடுப்பது பெரும்பாலும் அரை இஞ்ச், அதாவது 12.7. இரண்டு மடங்குதானே என்று தோன்றும். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு பக்க அளவின் முப்படியில் (2 × 2 × 2 என்ற கணக்கில்) ஏறுகிறது. ஒரே எஃகில் செய்திருந்தால் எட்டு மடங்கு வித்தியாசம். நல்ல கம்பெனியின் கால் இஞ்ச் ராட்செட்டைக்கூட அந்த இடத்தில் வைத்து அழுத்தக் கூடாது. அது என் அறியாமை. ஆனால் 14 மில்லிமீட்டர் சாக்கெட்டை உள்ளே போட்டு, கார் படத்தை மேலே ஒட்டி விற்றது அவர்களுடைய அயோக்கியத்தனம்.

டிரில் கதை இதைவிட ரசமானது. முதல் நாள் பலகையில் நன்றாகவே ஓடியது. இரண்டாம் நாள் ஷெட் சுவரில் ஒரு கொக்கிக்காக வைத்தேன். அரை அங்குலம் இறங்குவதற்குள் மோட்டாரிலிருந்து கருகிய வாடை. பேட்டரியோ தொட முடியாத சூடு. பேட்டரியின் நான்கு திருகையும் கழற்றினேன் (நீங்கள் செய்யாதீர்கள், லித்தியம் செல்லைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும்). உள்ளே ஐந்து செல்கள். அந்த வகைச் செல் ஒன்றின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட், சார்ஜ் முழுக்க ஏறினால் 4.2. ஐந்தை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், உச்சத்தில் 21. 48 வோல்ட்டுக்குப் பதின்மூன்று, பதினான்கு செல்களாவது வேண்டும். அது அந்தக் கூட்டுக்குள் அடங்கவே அடங்காது. பிறகு ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தேன். 48-க்குப் பின்னால் ‘வி’ மட்டுமில்லை, ‘வி எஃப்’ என்று இரண்டு எழுத்து. வோல்ட் என்று நாமே படித்துக்கொள்வோம். யாராவது சண்டைக்குப் போனால் அது மாடல் எண் என்று சொல்லிவிடலாம். இந்த மூளையைத் தொழிலில் காட்டியிருந்தால் நல்ல டிரில்லே செய்திருப்பார்கள்.

மிச்சமிருந்த பணத்தோடு டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர். எனக்கு டூல் செட் வேண்டும் என்றதும் அவர் விலையைச் சொல்லவில்லை. “வண்டியில் என்னென்ன சைஸ் இருக்கிறது தம்பி?” என்று கேட்டார். விழித்தேன். “போய் எழுதிக்கொண்டு வாருங்கள், நான் எங்கும் போகவில்லை” என்று திருப்பி அனுப்பினார். பக்கத்து வீட்டில் ஸ்பானர்களை இரவல் வாங்கி, இரண்டு வண்டிகளிலும் நான் தொடப்போகும் இடங்களில் ஒவ்வொரு நட்டாக மாட்டிப் பார்த்தேன். 8, 10, 12, 14, 17, 19. ஆறே ஆறு அளவு. 108 எங்கே, 6 எங்கே!

மறுநாள் அந்தச் சீட்டைப் பார்த்து அவர் எடுத்துத் தந்தது டபாரியா கம்பெனியின் ரிங் ஸ்பானர் செட் ஒன்று, ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு திருப்புளி. என் பெட்டியிலிருந்த சாக்கெட்டையும் காட்டினேன். அதன்மேல் ‘குரோம் வனேடியம்’ என்று, நல்ல கருவிகள் செய்யும் உறுதியான எஃகின் பெயரைப் பெரிதாகப் பொறித்திருந்தது. “எழுத்துப் பொறிக்க என்ன செலவாகும்?” என்று சிரித்துவிட்டு, அரத்தை எடுத்து அதில் இரண்டு இழுப்பு இழுத்தார். முலாம் போய்ப் பொடி கொட்டியது. அதே அரத்தைத் தன் கடை ஸ்பானரில் இழுக்கச் சொன்னார். கை வலிக்க அழுத்தினால்தான் ஒரு கீறல் விழுந்தது. அரை இஞ்ச் சாக்கெட் செட்டை இப்போது வாங்காதீர்கள், தேவைப்படும்போது 17, 19 மட்டும் உதிரியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். விற்க வேண்டியவர் இப்படிச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

பெஞ்ச் வைஸுக்கு (மேசையில் பொருத்திப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) உக்கடம் பழைய இரும்புக் கடைகள். ஏதோ பட்டறையில் முப்பது வருடம் உழைத்த வார்ப்பிரும்பு, துரு தேய்த்து எண்ணெய் விட்டதும் புதிதுபோல் திரும்புகிறது. பழையது வாங்குவதில் எனக்குக் கூச்சமில்லை. ஜாக்கியை மட்டும் பழையதாக வாங்க மாட்டேன். புதியதாக இருந்தாலும், கீழே ஸ்டாண்ட் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்க மாட்டேன். இந்த விளம்பரக்காரர்கள் இப்போது 999 ரூபாய்க்கு ஜாக்கியும் விற்கிறார்கள். எனக்கு விரல் முட்டித் தோலோடு போனது, அங்கே போவது உயிர்.

இனிப் புகார் விஷயம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் விவரம் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இருந்தது எடுக்கப்படாத ஒரு செல்பேசி எண் மட்டும். பெட்டியின் மேல் அதிகபட்ச விலையும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பதிவு எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. விற்றவர் யாரென்று தெரிந்தால்தானே நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும்? 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் எதிர்தரப்பு என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது?

ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்கள் பார்சல் வரும்போது வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதவரை உங்களுக்கு நஷ்டமில்லை. வாங்கிவிட்டீர்கள் என்றால் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள், மேலே ஒட்டியிருக்கும் சீட்டும் அதில் தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் விளம்பரப் பக்கத்தை முழுவதுமாகப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய பக்கம் மூன்றாம் நாளே காணாமல் போய்விட்டது. இப்போது ஓடுவது அதே படம், அதே கடைசி நாள், வேறு பெயர்.