பௌத்தம் பயில நூலா, முகாமா, குழுவா?

பௌத்தத்தைப் படிக்கவும் தியானம் பழகவும் விரும்புபவருக்கு இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. எதில் தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம். மூல நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாம், வாராவாரம் கூடும் சிறு குழுவொன்றில் சேரலாம், இணைய வகுப்பில் பெயர் கொடுக்கலாம். இவற்றை ஒப்பிடுவோர் எந்த மரபு உண்மையானது, எந்த ஆசிரியர் பெரியவர் என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: நான் தவறாகப் புரிந்துகொண்டால் அதைக் கண்டு திருத்த அங்கே யாராவது இருக்கிறார்களா?

நூல்களைப் பொறுத்தவரை இது பொற்காலம். 2005இல் தொடங்கப்பட்ட சுத்தாசென்ட்ரல் தளத்தில் புத்தரின் உரைகளின் பாலி மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வரிக்கு வரி அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். ஒரே உரையின் சீன, சமஸ்கிருத, திபெத்திய இணைப் பாடங்கள் எவையென்றும் அது காட்டும். பிக்கு சுஜாதோ, நிகாயங்கள் எனப்படும் நான்கு பெரிய உரைத் தொகுப்புகளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, காப்புரிமைத் தடையின்றி அங்கேயே வழங்கியிருக்கிறார். 1993இல் தொடங்கிய அக்சஸ் டு இன்சைட் தளத்தில் புதிய சேர்க்கைகள் நின்று ஆண்டுகள் பலவாயினும், பொருள்வாரியாகத் தேடுவதற்கு அது இன்றும் கைகொடுக்கிறது. திபெத்திய மரபில் ஈடுபாடுள்ளோருக்கு, புத்தரின் வாக்கெனக் கொள்ளப்படும் கஞ்சூர், அதன் உரைநூல்களும் சாத்திரங்களும் அடங்கிய தெஞ்சூர் ஆகிய தொகுதிகளை முழுவதும் மொழிபெயர்க்க முனைந்திருக்கும் 84000 திட்டம் உண்டு. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்னும் சார்பிற்தோற்றக் கொள்கையின் பன்னிரு நிதானங்களை, அதாவது காரணக் கண்ணிகளை, தமிழிலேயே அறிய விரும்புவோர் மணிமேகலையின் முப்பதாம் காதையைத் திறந்து பார்க்கலாம். நம்மவர்கள் அந்தக் காப்பியத்தில் கதையைப் படித்துவிட்டு இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆயினும் நூல் நம்மைத் திருத்தாது. மனக்கவனத்தை வளர்ப்பது பற்றிய சதிபட்டான சூத்திரத்தில், நெடிய மூச்சை இழுக்கும்போது நெடிய மூச்சை இழுப்பதாக அறிகிறான் என்று வருகிறது. பிராணாயாமம் பழகிய ஒருவர் இதைப் படித்தவுடன் மூச்சை வேண்டுமென்றே நீட்டத் தொடங்கிவிடுவார். அங்கே சொல்லப்படுவதோ, தானாக வரும் மூச்சு நெடியதா குறியதா என அறிவது மட்டுமே. நீட்டுவது இதமாக இருப்பதால் அதையே முன்னேற்றம் என்று கருதி, ஆண்டுக்கணக்கில் அப்படியே உட்கார்ந்துவிட முடியும். எதிரே அமர்ந்திருக்கும் அனுபவசாலி ஒருவர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அப்படியென்றால் முகாம்தான் சிறந்தது என்று தோன்றும். மியன்மாரில் தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் பயின்ற எஸ். என். கோயங்கா, 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய பத்து நாள் விபாசனா முகாம்களே இவ்வகையில் மிகப் பரவலானவை. உணவு, தங்குமிடம் உட்பட எதற்கும் கட்டணமில்லை; முகாமை முடித்தவர்களின் நன்கொடையில் மட்டுமே அவை நடக்கின்றன. அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பி, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை உட்கார வைக்கிறார்கள். முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனித்து, நான்காம் நாள் உடலெங்கும் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பயிற்சிக்கு மாறுகிறார்கள். கட்டுக்கோப்பிலும் எளிதில் கிடைப்பதிலும் இதற்கு நிகரில்லை. ஆனால் போதனை முழுவதும் கோயங்காவின் ஒலி, ஒளிப்பதிவாகவே வருகிறது. உதவி ஆசிரியரிடம் பேச நண்பகலில் சில நிமிடங்களும், இரவு ஒன்பது மணிக்கு மேல் சிறிது நேரமும் கிடைக்கும்; கேள்வி பயிற்சி முறையைச் சார்ந்ததாகவே இருக்க வேண்டும். பதினோராம் நாள் காலையில் வீடு திரும்பியபின் ஐயம் எழுந்தால், அருகில் பழைய மாணவர்களின் குழு அமர்வு நடந்தாலன்றி, நேரில் கேட்க ஆளிராது.

மியன்மார்த் துறவி மகாசி சயாடோ வழிவந்த பல மையங்களில் இந்தக் குறை குறைவு. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து மனத்துள் குறித்துக்கொள்ளும் அம்முறையில், மாணவர் தாம் கண்டதை ஆசிரியரிடம் அடிக்கடி நேரில் சென்று சொல்ல வேண்டும். அடுத்த அறிவுரை அதைக் கேட்ட பிறகே வரும். நான் வைத்த அளவுகோலின்படி இதுவே மேல். ஆனால் இத்தகைய மையங்கள் அவ்வளவு பரவலாக இல்லை. சிலவற்றில் வாரக்கணக்கில் தங்க நேரிடும். எவ்வகையானாலும், கடுமையான மனநோய்க்கு ஆளானவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றித் தீவிர மௌன முகாமுக்குச் செல்லக் கூடாது.

வாரக் குழு கவர்ச்சியற்றது. பத்துப் பேர் கூடி, அரை மணி நேரம் உட்கார்ந்து, சிறிது நடந்து, ஒரு பகுதியைப் படித்துக் கலைவார்கள். 1982இல் வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் பிரான்சில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தைச் சார்ந்த குழுக்களில் பகிர்வு நேரம் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை என்பது வழக்கம், ஆகவே நுட்பமான திருத்தம் அங்கேயும் கிடைக்காமல் போகலாம். இருந்தும் நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. காரணம், பழகிப் பார்க்கும் வாய்ப்பு. சங்யுத்த நிகாயத்தில் பசேனதி மன்னனிடம் புத்தர், ஒருவரது ஒழுக்கத்தை உடன் வாழ்ந்துதான் அறிய முடியும், அதுவும் நெடுங்காலம் கவனித்தால்தான் என்கிறார். ஆசிரியரின் நடத்தையைப் பத்து நாள் மௌனத்தில் எடைபோட முடியாது. ஓராண்டு வாரந்தோறும் சந்தித்தால் ஓரளவு முடியும். பணம் கேட்டு வற்புறுத்துவது, பிற ஆசிரியர்களின் நூல்களைத் தொடக் கூடாதென்பது, ஆசிரியர்மீது புகார் சொல்ல வழியே வைக்காதது ஆகியவை தென்பட்டால், அமைதியாக விலகிவிடலாம்.

இணைய வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரோடு தனியே பேச நேரம் ஒதுக்கும் வகுப்பு, அருகில் குழு இல்லாதவருக்குப் போதுமான மாற்று. தர்மா சீட் தளத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கும் ஏராளமான உரைகள் பயனுள்ளவை. ஆனால் அவை நூலைப் போன்றே ஒருவழிப் பாதை.

ஆகவே வாரக் குழுவில் சேர்ந்து, நடுத்தர நீள உரைகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தை மெதுவாகப் படித்துக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற நிலை வந்தபின் முகாமுக்குச் செல்வதே என் தேர்வு. தியானத்தில் நாட்டமின்றி, பௌத்தச் சிந்தனையை ஆராய்வதே நோக்கமாக உள்ளவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் முகாமை விட்டுவிட்டுப் பாலி இலக்கணத்தில் இறங்கலாம்.