கண்காட்சிக் கடையில் கையடக்கக் கார்டு மெஷின்: எட்டு மாத அனுபவம்

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சிகளில் கடை போடுகிறவன் நான். ஆகவே, கைபேசியோடு புளூடூத்தில் இணைந்து இயங்கும் கையடக்கக் கார்டு மெஷின் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் மாத வாடகைக்கு எடுத்தேன். கொடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

அறுநூறு ரூபாய்க்குச் சேலை வாங்குகிறவர் இப்போது கார்டை எடுப்பதே இல்லை. க்யூஆர் அட்டைக்கு நேரே கைபேசியை நீட்டிவிடுகிறார். மூன்று நான்கு சேலைகள் சேர்ந்து தொகை நாலாயிரத்தைத் தாண்டும்போதுதான் பைக்குள்ளிருந்து கார்டு வெளியே வருகிறது, அதுவும் பெரும்பாலும் கிரெடிட் கார்டு. மெஷின் இல்லாத நாட்களில் இப்படிப்பட்டவர்கள் ஏடிஎம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அந்த வியாபாரத்தை மெஷின் மீட்டுக் கொடுத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கையாள்வது எளிது. செயலியில் தொகையை அடித்து, கார்டின் சிப் பக்கத்தைச் செருகி, வாடிக்கையாளரிடம் மெஷினைக் கொடுத்தால் அவர் பின் எண்ணை அழுத்திவிடுவார்; 5,000 ரூபாய் வரையிலான தொகையென்றால், தொடாமல் செலுத்தும் வசதியுள்ள கார்டை மேலே காட்டினாலே போதும். ‘கார்டு தேய்க்கலாமா?’ என்று கேட்கும் வழக்கம்தான் மிச்சமிருக்கிறதே தவிர, தேய்க்கிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை. காகிதச் சீட்டு வராது, ரசீது குறுஞ்செய்தியாகவே போகும் என்பது வயதானவர்களுக்குத் திருப்தி தருவதில்லை. அவர்களுக்காகக் கையால் பில் எழுதிக் கொடுக்கிறேன்.

கவனமாகப் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு கார்டு விற்பனையிலும் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்தை. விற்பனைப் பிரதிநிதி ‘ஒரு சதவீதத்துக்கும் கீழே’ என்று சொன்னது டெபிட் கார்டுக்கான விகிதம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள சிறுகடைகளுக்கு அது 0.40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கோ அப்படி வரம்பு எதுவும் கிடையாது. எனக்கு விதித்திருப்பது 1.9 சதவீதம். 4,500 ரூபாய் விற்பனையில் கட்டணம் 85.50, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 15.39 என 100.89 ரூபாய் கழிந்து, மறுநாள் கணக்கில் 4,399.11 ரூபாய் வந்து சேரும். நான் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வியாபாரி என்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டு, திரும்பப் பெறவும் வழியில்லை. இதோடு மாத வாடகை வரியுடன் 354 ரூபாய்; மாதத்துக்கு ஐந்தே கார்டு விற்பனை நடந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் எழுபது ரூபாய் ஏறிவிடுகிறது. சேலைக்கு நான் வைக்கும் லாபத்தை நினைத்தால் இது சின்னத் தொகை அல்ல.

சிக்னல் இன்னொரு தலைவலி. தகரக் கூரை போட்ட அரங்குகளில் மெஷின் நன்றாகவே இருக்கும், கைபேசிக்கு இணையம்தான் கிடைக்காது. ஒருமுறை செயலி ‘பரிவர்த்தனை முடியவில்லை’ என்று காட்டிய அதே நொடியில், வாங்க வந்த அம்மாவுக்குப் பணம் கழிந்துவிட்டதாக வங்கியிலிருந்து செய்தி வந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம். இப்படிக் கழிந்த பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதியை அவருக்கு எடுத்துச் சொல்லி, சேலையைத் தனியே எடுத்து வைத்தேன். நான்காம் நாள் பணம் திரும்பியது. சேலையையும் வந்து வாங்கிக்கொண்டார்.

ரூபே கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் 2022இலிருந்து அதை யுபிஐயில் இணைத்துக் கடைக்காரரின் வணிக க்யூஆரிலேயே செலுத்த முடிகிறது. அத்தகையவர்களுக்கு மெஷின் தேவையில்லை. விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகளுக்கு மெஷின்தான் கதி. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பெரிய விற்பனை நடக்கும் கடைக்காரர் இதைத் தயங்காமல் எடுக்கலாம். கண்காட்சி இல்லாத மழை மாதங்களில் வாடகையை நிறுத்திவைக்க முடியுமா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். மறுத்தால், வாடகை இல்லாமல் சதவீதம் சற்றுக் கூடுதலாக வாங்கும் திட்டத்துக்கு மாறிக்கொள்வேன்.