கடலூரில் மஞ்சள் நீராட்டு ஆல்பம்: லாரன்ஸ் ரோட்டு ஸ்டூடியோ ஒன்றைப் பற்றி

மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஆல்பம், ஃபிளெக்ஸ், ரீல்ஸ் மூன்றும் சேர்த்துச் செய்து தரும் கடை. படம் எடுப்பதில் குறை சொல்ல இடமில்லை. 85 எம்எம் லென்ஸ் போட்டு ஆறேழு அடி தள்ளி நின்று எடுக்கிறார்கள். ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. "என் மூக்கு அசிங்கமா இருக்கு" என்று குமையும் பெண்ணிடம் இந்த ஆல்பத்தைக் காட்டலாம்.

சில்வர் பீச்சில் மாலை ஐந்துக்கு மேல்தான் ஷூட். கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைப்பதால் மேற்கு வெயில் முகத்தில் இதமாக விழுகிறது.

கோளாறு டச்சப்பில். கேட்காமலே நிறத்தை ஏற்றிவிடுகிறார்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது வெளிச்ச அளவைக் கூட்டினால் மாநிறம் வெளுக்கும். தங்கத்தின் நிறமும் அதற்குள் வருவதால் ஆரமும் சேர்ந்து வெளிறும். மாஸ்க் என்ற வசதியால் முகத்தை மட்டும் பிரித்து வெளுக்கவைத்தால் கழுத்தும் கையும் வேறொருத்தியுடையதுபோல் நிற்கும். உருவத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை கருவியால் இடுப்பை ஒடுக்கியிருந்தால் பின்னாலுள்ள தூணோ சுவரோரமோ வளைந்திருக்கும். அச்சுக்கு முன் காட்டும் ப்ரூஃபில் அதைத் தேடுங்கள்.

பெண்ணின் உடம்பு வளர்வதைக் கொண்டாடும் விழா இது. அதே உடம்பைத் திருத்தி, பத்துக்கு எட்டு அடியில் தெருமுனையில் நிறுத்தினால், 'நீ இருக்கிறபடி இருந்தால் போதாது' என்று சொந்தபந்தமே அவளிடம் சொன்னதாக ஆகிவிடும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள்: நிறம் மாற்றக்கூடாது, லிக்விஃபை கூடாது. பருவை ஹீலிங் பிரஷ்ஷால் எடுக்கலாம், அது எப்படியும் மறைவது. மச்சத்தில் கை வைக்கக்கூடாது. ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கடை மானிட்டரில் 100 சதவீத ஜூமில் வைத்துக் கன்னத்தைப் பாருங்கள். தோலின் நுண்துளைகள் தெரியாவிட்டால் டச்சப் மிஞ்சிவிட்டது. ஃபிளெக்ஸுக்கு டச்சப்பே வேண்டாம், தள்ளி நின்று பார்ப்பவருக்குப் பருகூடத் தெரியாது.

ரீல்ஸ் செல்போனில் எடுப்பது. வெளியார் உருவாக்கிய ஃபில்டர்களை இன்ஸ்டாகிராம் 2025 ஜனவரியில் நீக்கிவிட்டாலும், பல போன்களின் கேமராவிலேயே பியூட்டி மோட் இருக்கிறது. பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள், கூடுதல் பணமும் கேட்பதில்லை.

படம் தேர்வு செய்யப் போகும்போது பெண்ணையும் கூட்டிப்போங்கள். "பாப்பாவைக் கொஞ்சம் கலரா போடுங்க" என்று அத்தையோ சித்தியோ தொடங்குமுன் தனக்குப் பிடித்ததை அவள் எடுத்து வைக்கட்டும்.