எழுதாத விளையாட்டுக்குக் கட்டிய 6,000 ரூபாய்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பகடை உருட்டிக் கதை ஆடுகிற நண்பர்கள் கவனத்துக்கு. நம்மில் பலரிடம் பணம் வாங்கிக்கொண்டு விளையாட்டுப் புத்தகம் தராமல் போனவர், இப்போது திருவண்ணாமலைப் பக்கம் நடுகல் வீரர்களை வைத்து ஒரு அட்டை விளையாட்டு தயாரிப்பதாகச் சொல்லி மறுபடி பணம் திரட்டுகிறார். போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். படித்தால் ஆளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் என்னைப் பற்றி. நான் பிழைப்பதே ஆப்செட் அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பள்ளிக்கூட நோட்டு, எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. பேப்பரும் பைண்டிங்கும் என் பொறுப்பு. அப்படிப்பட்டவனே ஏமாந்தேன் என்பதால்தான் இதை எழுதவே இவ்வளவு நாள் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், ஒருவர் கதை நடத்துவார், வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. கதை நடத்துபவர் கட்டியங்காரன் மாதிரி, எல்லாருக்கும் நடுவில் புகுந்து புறப்படுவார், அவ்வளவுதான். 2023 ஜூனில் நண்பரின் நண்பராக, மேலே சொன்ன அந்த ஆள் வந்தார். "நான் ஒரு நாள் நடத்தட்டுமாணா?" என்று கேட்டார்.

நடத்தினார். இன்றைக்கும் சொல்வேன், அப்படி ஒரு ஆட்டம் நாங்கள் ஆடியதில்லை. நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று. அந்தச் சாமியில்லாக் கோயிலைத்தான் பிடித்துக்கொண்டார். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல்தான் லிங்கத்தைத் திரும்ப வைத்தார்கள். அதுவரை அது இருந்தது இதே சத்துவாச்சாரியில். அகழி முதலைகளைத் தாண்டி லிங்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது ஆட்டம். இரவு பதினொன்றரை வரை யாரும் எழுந்திருக்கவில்லை. நண்பரின் அம்மா மேலே வந்து சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினோம்.

அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது. படைவீட்டை ஆண்ட சம்புவராய மன்னர்கள் காலத்தில் நடக்கும் தமிழ் விளையாட்டு, 240 பக்கம், கெட்டி அட்டை, வண்ணப் படங்கள். "பழைய காலத்து முறையில்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். இதன் ருசி தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தை ஒன்றே போதும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு, முதல் அச்சில் ஆயிரம் பெட்டிதான் விட்டார்கள். இந்த வகை ஆட்டத்துக்கே முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அப்படித்தான் தொடங்கியது. அந்த முறையில் விதிகள் குறைவு. மிச்சத்தை ஆடுபவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது தமிழில், நம் ஜவ்வாது மலையில் என்றால் யார்தான் விடுவார்கள்?

பணத்துக்கு வருவோம். பலரிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க அனுமதி இல்லை, அதனால் நேராக யு.பி.ஐ.யில் அனுப்புங்கள் என்றார். அனுமதி இல்லை என்பது உண்மைதான். நான் அன்றே சரிபார்த்தேன். அது உண்மையாக இருந்ததால் மற்றதைச் சரிபார்க்கவில்லை. அந்தத் தளத்தில் இலக்கை எட்டாவிட்டால் பணம் கொடுப்பவர் கணக்கிலிருந்து ஒரு பைசா போகாது. இவரிடம் போனதோ அன்றே அவருடைய சொந்தக் கணக்குக்கு. இலக்கு நான்கு லட்சம், இன்று இவ்வளவு சேர்ந்தது என்று தினம் படம் போடுவார். அந்த எண்ணை மாற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புத்தகமும் பகடையும் 2,500. பித்தளைப் பகடையோடு, புத்தகத்தில் நம் பெயரில் ஒரு பாத்திரமும் வேண்டுமென்றால் 6,000. நான் 6,000 கட்டினேன். படைவீட்டுக் கோட்டைக் காவலன் நான்தான். அதோடு விட்டேனா? மாமா பையன், அச்சகத்தில் வேலை செய்பவர்கள், பழைய கல்லூரி நண்பர்கள் என்று ஒன்பது பேரை ஆளுக்கு 2,500 கட்ட வைத்தேன். என் பணம் போனதைவிட அந்த 22,500-தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2024 பொங்கலுக்குப் புத்தகம் என்றார். டிசம்பர் புயலில் சென்னை மூழ்கியபோது ஓவியரின் கணினியும் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அப்புறம் பேப்பர் விலை. அப்புறம் கூரியர் செலவுக்கு ஆளுக்கு 300. அதையும் கட்டினோம். மாமா பையன் எங்கே பார்த்தாலும், "என்ன மச்சான், உன் கோட்டைக் காவலன் இன்னும் ட்யூட்டிக்கு வரலையா?" என்பான்.

மே மாதம், பணம் கட்டியவர்கள் இருந்த குழுவுக்கு ஒரு படம் அனுப்பினார். "சிவகாசியில அச்சுல ஏறிடுச்சுணா." பெரிய தாளில் எட்டுப் பக்கம் அடித்த படம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அச்சு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அடிப்பதில்லை. பெரிய தாளில் ஒரு முகத்துக்கு எட்டுப் பக்கம், இரண்டு முகமும் சேர்ந்து பதினாறு. மடித்து வெட்டினால் வரிசை தானாக வர வேண்டும். அதற்காகத் தாளில் பக்கங்கள் வரிசை மாறித்தான் நிற்கும். 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13, மேல் வரிசை தலைகீழாக. இந்தப் பதினாறு பக்கத் தாளைத்தான் பாரம் என்போம். முதல் பாரத்தில் முதுகு மடிப்பில் ஒட்டி நிற்கும் ஜோடி எதைக் கூட்டினாலும் 17 வர வேண்டும். அவர் அனுப்பிய படத்தில் 1, 2, 3, 4 என்று எட்டும் நேராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. அந்தத் தாளை மடித்தால் புத்தகம் வராது, பொட்டலம்தான் வரும். யாரோ ஒரு மிஷின் படத்தில் கணினியில் ஒட்டியது.

எந்த அச்சகம் என்று கேட்டேன். "அது கான்ஃபிடென்ஷியல்ணா." ஒரு புரூஃப் அனுப்பச் சொன்னேன். பதில் இல்லை. என் கேள்வியைக் குழுவில் போட்டதும் என்னை நீக்கிவிட்டார்.

ஆகஸ்டில் ஒரு பி.டி.எஃப். வந்தது, "முதலில் இதைப் படியுங்கள்" என்று. அன்றைக்கு மாடியில் நாங்கள் சிரித்த சிரிப்பு! ஆயுதப் பட்டியலில் கதாயுதம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜாதிபத்திரி'. உருட்டுக்கட்டைக்கு 'மன்றம்'. நீளக் கம்பு, அதாவது ஆங்கிலத்தில் குவார்ட்டர்ஸ்டாஃப், 'காலாண்டு ஊழியர்' ஆகியிருந்தது. மந்திரம் எல்லாமே 'எழுத்துக்கூட்டல்'. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆங்கில விதிகளை அப்படியே மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்தது, வேறொன்றுமில்லை. அதிலும் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும் விதி இருந்தது. அது 1974 சமாச்சாரம் இல்லை, 2014 பதிப்பில் வந்தது. பழைய முறை என்று சொன்னவர் பழையதைத் திருடக்கூட மெனக்கெடவில்லை.

திருட்டு என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அந்த அடிப்படை விதித் தொகுப்பை அதை வெளியிடும் நிறுவனமே 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. யாரும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். மூலத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். இவர் அந்த ஒரு வரியைக்கூடப் போடவில்லை. சம்புவராயர் பெயர் அட்டையில் மட்டும்தான் இருந்தது. கோட்டைக் காவலன் எங்கும் இல்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். அவர் பணம் வாங்கிய நாளில் விளையாட்டே எழுதப்படவில்லை. அட்டைப்படம் இருந்தது, வாய் இருந்தது, ஒரு நாள் நடத்திக் காட்டிய கதை இருந்தது. அடுத்த முறை யாராவது வந்தால் அட்டையைப் பார்க்காதீர்கள். எழுதி முடித்த விதிகளைக் கேளுங்கள், படங்கூட இல்லாத வெறும் டைப் செய்த தாளாக இருந்தாலும் சரி. எழுதியவர் இல்லாத மேசையில், அந்தத் தாளை மட்டும் வைத்து ஒரு சாயங்காலம் ஆடிப் பாருங்கள். எத்தனை பாரம், எத்தனை ஜி.எஸ்.எம்., எந்த அச்சகத்தின் கொட்டேஷன் என்று கேளுங்கள். இதையெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களே என்னிடம் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை.

புகார் விவரம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் செய்தேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்க வழியிருந்திருக்கும், ஒரு வருஷம் கழித்து என்ன செய்வது என்று அலுத்துக்கொண்டாலும் பதிவு செய்துகொண்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. புதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-இல்தான் வந்தது, பணம் அதற்கு முன்பே கைமாறியதால் பழைய 420-தான் பொருந்தும் என்கிறார் வக்கீல். 420 என்று சொல்லித் திட்டும் வாய்ப்பாவது மிஞ்சியது. அதிகம் கத்திய மூன்று பேருக்கு மட்டும் பணம் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு வந்தது பகடை மட்டும்: பித்தளை இல்லை, தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக்.

மிச்சம் உள்ளவர்கள் சேர்ந்து வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 'ஆதரவு', 'நன்கொடை' என்று எழுதி வாங்கியிருந்தால் சிக்கலாம். நல்லவேளையாக அவர் அனுப்பிய செய்திகளில் 'முன்பதிவு விலை' என்று இருக்கிறது. அதை யாரும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், பொங்கலுக்குத் தருவேன் என்ற செய்தி, மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். சொன்ன தேதி தவறியதிலிருந்து இரண்டு வருஷம் என்பது வக்கீல் கணக்கு, ஆகவே 2026 பொங்கலுக்குள் மனு உள்ளே போயாக வேண்டும். எங்களோடு சேர விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு வழக்கமான மாடிக்கே வந்துவிடுங்கள், ஆட்டம் தொடங்குவதற்கு முன்.