சிறுவிடைக் குஞ்சுன்னு சொல்லி 18,500 ரூபா ஏமாத்திட்டாங்க – வேலூர் மாவட்டத்துல கோழி வளக்கறவங்க படிங்க

சிறுவிடைங்கற நாட்டுக்கோழி ரகம்னு சொல்லி ஏதோ கலப்புக் குஞ்சு, அதுவும் நோயோட. அதைக் குடுத்து எங்ககிட்ட 18,500 ரூபா வாங்கிட்டுப் போனவன் இன்னிக்குக் காலையில என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். குடியாத்தம், கே.வி.குப்பம், பள்ளிகொண்டா பக்கம் கொல்லையில கோழி வச்சிருக்கற பொம்பளைங்க நிறைய பேர் இருக்கீங்க. அடுத்து உங்க வீட்டு வாசலுக்குத்தான் வருவான், அதனால எழுதறேன்.

எங்க வீட்டுக் கோழி எல்லாம் என் மாமியார் காலத்துல இருந்து வர்ற வம்சம். விடியறதுக்குள்ள கூடையைத் தூக்கி விடணும், கம்பும் நொய்யும் போடணும், தண்ணிச் சட்டியைத் தினம் தேய்ச்சு மாத்தணும். குஞ்சுக்குக் கரையான் பிடிக்க பழைய பானையில சாணியும் கிழிஞ்ச சாக்கும் போட்டுக் கவுத்து வைப்போம். பொழுது சாயறப்ப ஒண்ணொண்ணா எண்ணி அடைக்கணும், கீரி இருக்கு, பக்கத்து வீட்டுப் பூனை இருக்கு. அதையெல்லாம் விடப் பெரிய வேலை வர்ற ஆளுங்களைச் சமாளிக்கிறதுதான். முட்டைக்கு வருவாங்க, நேர்த்திக்கடனுக்குச் சேவல் கேட்டு வருவாங்க, காணும் பொங்கல் அன்னிக்குச் சொந்தக்காரப் பசங்க குஞ்சைத் தூக்கி போட்டோ எடுக்க ஓடுவாங்க. மொபெட்ல ஊர் ஊரா கோழி வாங்கற ஆள், பத்து வீட்டுக் கொட்டாயை மிதிச்ச காலோட நம்ம கொட்டாய்க்குள்ள வருவார். அதனால படல்கிட்டயே ஒரு தட்டுல பர்மாங்கனேட் தண்ணி வச்சிருக்கேன். செருப்பைக் கழட்டி, காலை நனைச்சிட்டுத்தான் யாரா இருந்தாலும் உள்ள. இதுக்காகச் சொந்தத்துல என்னைத் திமிர் பிடிச்சவள்னு பேசறவங்களும் உண்டு. பேசட்டும். வருஷா வருஷம் பிப்ரவரியில கால்நடைத் துறையில இருந்து வந்து கழிச்சல் நோய்க்கு இலவசமா ஊசி போடறாங்களே, அதையும் நான் விட்டதில்ல.

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழா வந்தா எங்க பக்கம் நாட்டுக்கோழிக்கு இருக்கற கிராக்கி உங்களுக்கே தெரியும். சிறுவிடை எடைக்கு வர அஞ்சாறு மாசம் ஆகும். தீபாவளி முடிஞ்ச கையோட நூறு குஞ்சு விட்டா சரியா இருக்கும்னு கணக்குப் போட்டோம். அடை வச்சு அவ்வளவு குஞ்சு எடுக்க முடியாது. மகளிர் குழுவுல கடன் எடுத்தேன், மீதியை ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற என் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்து சேத்து வச்ச பணத்துல இருந்து எடுத்தோம்.

பழசு புதுசு எல்லாம் விக்கற ஒரு மொபைல் ஆப். பேர் சொல்லலை. அதுல ஒரு விளம்பரம்: ஒரு மாசக் குஞ்சு, ஒரிஜினல் சிறுவிடை, எல்லா தடுப்பூசியும் போட்டது, 150 ரூபா. நீல டிரம் பக்கத்துல ஒரு செவலைச் சேவல் நிக்கற போட்டோ. போன் போட்டா நேர்லயே வந்து இடத்தைப் பார்த்துட்டுத்தான் குஞ்சு குடுப்போம்னு சொன்னான். சொன்ன மாதிரியே வந்தான்.

வந்தவன் படல்கிட்ட நின்னான். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே செருப்பைக் கழட்டினான். "வெளிச்செருப்போட கோழிகிட்ட வரக்கூடாதுங்கக்கா"ன்னு சொல்லி அவனாவே அந்தத் தட்டுல காலை வச்சான், ரெண்டு காலையும். அடையில இருக்கற கோழியைத் தொடாம தூர நின்னு பார்த்தான். சேவலோட முள்ளைப் பார்த்து வயசு சொன்னான், சரியாவே சொன்னான். நோய் எப்படி காலுல ஒட்டிக்கிட்டு வரும்னு எனக்கே பாடம் எடுத்தான். சொந்தக்காரங்களே செய்ய மாட்டேங்கறதை முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் கேக்காமலே செய்றானேன்னு எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. காபி போட்டுக் குடுத்தேன். அப்பவே 5,000 அட்வான்ஸ் போன்ல அனுப்பிட்டேன். அந்தத் தட்டுல வச்ச காலுக்குத்தான் அந்த 5,000.

குஞ்சு வந்தது ராத்திரியில. அவன் வரலை, வண்டிக்காரன் ஒருத்தன் மட்டும். "மீதி 13,500 ஏறினாதான் இறக்குவேன், எனக்கு அதான் ஆர்டர்"னு நின்னுட்டான். இருட்டுல டார்ச் அடிச்சா கூண்டுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு கெடக்குது. அடியில இருக்கறது உயிரோட இருக்குதான்னே தெரியல. அதைப் பார்த்துட்டுப் பணத்தை அனுப்பாம எப்படி இருக்க முடியும்? நூறு குஞ்சுக்கு 15,000, வண்டி வாடகையும் "மருந்து பாக்கெட்"டும் சேர்த்து 3,500. ஆக 18,500.

புதுக் குஞ்சை மூணு வாரமாவது தனியா வைக்கணும்னு எங்க பழைய மாட்டுக் கொட்டாயைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடிச்சு, பல்பு கட்டி வச்சிருந்தோம். அங்கதான் இறக்கச் சொன்னேன். இறக்கினான். இறக்கிட்டு, நான் தண்ணி எடுக்கத் திரும்பின நேரத்துல, அதே ஷூவோட என் பழைய கோழி இருக்கற பக்கம் போயிட்டான்! எத்தனை பண்ணைக் கழிவு அந்த ஷூவுல ஒட்டியிருந்துச்சோ. தாய்க்கோழி குஞ்சோட படுத்திருந்த கூடையைத் தூக்கிப் பார்த்து போன்ல போட்டோ எடுக்கறான். "இன்னாய்யா பண்ற அங்க?"ன்னு கத்தினேன். "டெலிவரி போட்டோக்கா, ஓனர் கேட்டாரு"ன்னு கூலா சொல்றான்.

விடிஞ்சதும் என் மாமியார் ஒரு குஞ்சைக் கையில எடுத்துக் காலைத் திருப்பிப் பார்த்தாங்க. "இன்னாடி இது, அல்லாம் ஒரே கலரா கீது? காலு பாரு எம்மாம் தடிமன். இது நம்மூர் கோழியே இல்ல"ன்னாங்க. நாட்டுக்குஞ்சுன்னா கருப்பு, செவலை, சாம்பல், புள்ளின்னு கலந்துதான் இருக்கும். இது நூறும் ஒரே அச்சு. வேற ஜாதியா இருந்தாலும் வளரட்டும்னு விட்டா, அஞ்சாறு நாள்லயே ஆரம்பிச்சிருச்சு. இறக்கை தொங்குது, வாயைத் திறந்து மூச்சு வாங்குது, பச்சையும் வெள்ளையுமா கழியுது. சிலது கழுத்தைத் திருகி வானத்தைப் பார்த்துக்கிட்டு ஒரே இடத்துல சுத்துது. அதைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

செத்ததுல ஒண்ணை கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா என் எதிர்லயே அறுத்தாங்க. இரைப்பைக்கு முன்னாடி ஒரு சின்ன பை மாதிரி இருக்கும், அதைப் பிளந்து உள்பக்கம் காட்டினாங்க. ஊசியால குத்தின மாதிரி வரிசையா ரத்தப்புள்ளி. "ராணிக்கெட்மா, வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி ஒழுங்கா போட்ட குஞ்சா இருந்தா இப்படிக் கொத்துக்கொத்தா சாகாது"ன்னாங்க. வந்துட்டா இதுக்கு மருந்தே கிடையாது. முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு விட்டு, மறுபடி ஒரு தடவை குடுத்து, எட்டு வாரம் போல இறக்கையடியில ஊசி போடறதுதான் ஒரே வழி. கண்ணுல விட்ட சொட்டுக்குத் தழும்பு எதுவும் இருக்காது, அதனால போட்டாச்சுன்னு எவன் வேணா சொல்லலாம். அந்தத் தைரியத்துலதான் சொல்லியிருக்கான்.

நூறுல இப்ப நிக்கறது கொஞ்சம்தான், அதுலயும் பாதி நொண்டுது. ஊசி போட்ட என் பெரிய கோழிங்க தப்பிச்சுச்சு. ஆனா அவன் போட்டோ எடுத்தானே, அந்தத் தாய்க்கோழியோட குஞ்சுங்க ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் ஆழமா குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைச்சோம். எப்படா வளரும்னு கூடையையே சுத்தி வந்த என் பொண்ணு இன்னும் அந்தப் பக்கம் போக மாட்டேங்கறா.

இனி அவன் சொன்ன பதிலைக் கேளுங்க. முதல்ல, "வண்டி அலுப்புங்கக்கா, வெல்லத் தண்ணி வைங்க." அடுத்து, "உங்க வேலூர் பக்கம் தோல் பேக்டரி தண்ணிங்க, அதைக் குடிச்சா குஞ்சு சாகத்தான் செய்யும்." பாலாறு கெட்டுப்போன வயித்தெரிச்சல் எங்களுக்கு இருக்கு, அதை வச்சே எங்க வாயை அடைக்கப் பார்க்கறான். அதே போர் தண்ணியைத்தான் என் பழைய கோழியும் குடிக்குது, நாங்களும் குடிக்கிறோம். அப்பால வேற யாரோ எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காரு"ன்னாங்க. டாக்டர் சொன்னதை எழுதி போட்டோவோட அனுப்பினேன். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாதும்மா"ன்னு ஒரு வரி வந்துச்சு. பணம் வாங்கற வரைக்கும் அக்கா, வாங்கினதும் அம்மா. அதோட பிளாக்.

அந்த ஆப்ல புகார் போட்டா, விளம்பரத்துக்கு இடம் குடுக்கறதோட சரி, பணம் எங்க வழியா வரலைன்னு பதில். பேங்க்ல, பின் நம்பர் நீங்கதானே போட்டீங்கன்னு கேக்கறாங்க. ஸ்டேஷன்ல இருந்தவர் "கோழிதானேம்மா, போனா போவுது"ன்னார். 18,500 ரூபா சார். குழுவுக்கு வாரா வாரம் தவணை நான்தானே கட்டணும்?

என்ன செய்யணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியலை. சுருக்கமா சொல்றேன்.

பகல்ல, கண்ணால பார்க்காம குஞ்சு வாங்காதீங்க. ராத்திரி இறக்கறேன்னு சொன்னா அப்பவே வேணாம்னுடுங்க.

தடுப்பூசி போட்டாச்சுன்னா எந்த மருந்து, எந்தத் தேதி, பாட்டில்ல இருக்கற பேட்ச் நம்பர் என்னன்னு எழுதி வாங்குங்க. பில் வாங்குங்க. ஆதார் இல்லாட்டி கடை முகவரியாவது வாங்குங்க. 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல கட்டணமே இல்லாம வழக்குப் போடலாமாம், நாம இருக்கற மாவட்டத்துலயே போடலாமாம். ஆனா எதிராளி முகவரி இல்லாம யார் மேல போடறது? நான் இப்ப அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கறேன்.

பணம் போனது தெரிஞ்ச உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. நுகர்வோர் உதவிக்கு 1915.

சந்தேகம் இருந்தா விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டுட்டு வாங்குங்க.

வண்டிக்காரன் எவனையும் கொட்டாய்க்குள்ள விடாதீங்க. வாசல்லயே இறக்கச் சொல்லுங்க, நீங்களே தூக்கிட்டுப் போங்க.

நேத்து ராத்திரி அதே நீல டிரம், அதே செவலைச் சேவல் போட்டோவோட வேற பேர்ல புது விளம்பரம் வந்திருக்கு. விலையை 140ஆ குறைச்சிருக்கான். அதைப் பார்த்தீங்கன்னா ஒத்த ரூபா அனுப்பாதீங்க. ஏற்கனவே அவன்கிட்ட வாங்கி குஞ்சு செத்தவங்க யாராவது இருந்தா பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காம வச்சிருங்க, என்கிட்ட சொல்லுங்க. நாலு பேர் சேர்ந்து புகார் குடுத்தா கோழிதானேன்னு சொல்ல முடியாது.