ஸ்பேசியிடம் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் கேட்டால்

ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் சொல்வகை எழுதித் தரும் இலவச மென்பொருள் ஸ்பேசி, பைத்தான் நிரல்மொழியில் இயங்குவது. ஆங்கில ஆசிரியருக்கு அருமையான கருவி. ஆனால் இதன் விடையை அப்படியே மாணவர் நோட்டில் எழுத விடக்கூடாது.

நிறுவ இரண்டு படிகள். முதலில் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக ஸ்பேசி, பிறகு 'என்_கோர்_வெப்_எஸ்எம்' என்ற ஆங்கில மாடல், அதாவது சொல்வகையைக் கணிக்கப் பயிற்சி பெற்ற கோப்பு. மாடல் 12 எம்பி அளவுதான், சாதாரண மடிக்கணினியே போதும். இரண்டாவது படியை விட்டுவிட்டால் மாடலைக் காணோம் என்று இ050 பிழை வரும். விடையை அச்சிடும்போது, சொல்வகையைக் கேட்கும் 'போஸ்' என்பதற்குப் பின் அடிக்கோடு போட மறந்தால் 'நவுன்' என்பதற்குப் பதில் 92 என்று வெறும் எண் வந்து நிற்கும்.

பள்ளியில் நாம் படிப்பது எட்டு வகை. ஸ்பேசி பின்பற்றும் உலகப் பொதுப் பட்டியலில் 17. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. 'ஷீ இஸ் எ நர்ஸ்' என்பதில் 'இஸ்' நமக்கு மெயின் வெர்ப், ஸ்பேசிக்கு ஆக்ஸிலரி. 'மை புக்' என்பதில் 'மை' நம் வகுப்பில் பொசெசிவ் அட்ஜெக்டிவ், அங்கே ப்ரோநவுன். 'ஸ்டோன் வால்' என்பதில் சுவரைச் சிறப்பிக்கும் 'ஸ்டோன்' அட்ஜெக்டிவ் என்று சொல்லிக்கொடுக்கிறோம், அது நவுன் என்றே விட்டுவிடும். 'டோன்ட்' ஒரே சொல்லாக வராது, 'டு' (do), 'ன்ட்' (n't) என இரண்டு துண்டாக உடையும். இவை எதுவும் பிழையல்ல. இலக்கண மரபு வேறு, அவ்வளவே. தேர்வில் மதிப்பெண் போடுபவர் பள்ளி மரபைத்தான் பார்ப்பார்.

நுண்குறி என்று இன்னொரு அடுக்கும் உண்டு. வினையின் காலத்தையும் வடிவத்தையும் பார்க்க அது மிக உதவும். ஆனால் 'பிஃபோர் லஞ்ச்', 'பிஃபோர் ஹி கேம்' இரண்டிலும் 'பிஃபோர்' அங்கே ஒரே 'ஐஎன்' குறியைத்தான் பெறும். ப்ரிபொசிஷனா கன்ஜங்ஷனா என்று அறிய மேலடுக்கை, அதாவது முன்சொன்ன 17 வகைக் குறியைப் பார்க்க வேண்டும். குறி புரியாவிட்டால் 'ஸ்பேசி.எக்ஸ்ப்ளெயின்' கட்டளை விளக்கம் தரும்.

உண்மையான பிழைகளும் உண்டு. வெளியிட்டவர்கள் தரும் கணக்குப்படி இந்தச் சிறிய மாடலின் துல்லியம் சுமார் 97 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 சொல் வாக்கியம் இரண்டை எடுத்தால் எங்கோ ஒரு சொல் தவறலாம் என்று அர்த்தம். நவுனாகவும் வெர்பாகவும் வரும் 'புக்', 'வாட்டர்' போன்ற சொல்லில் தொடங்கும் கட்டளை வாக்கியங்களில் கூடுதல் கவனம் தேவை. பெயர்களைச் சிறிய எழுத்தில் தட்டினால் ப்ராப்பர் நவுன் தப்பிப்போகும். தனிச்சொல்லை மட்டும் கொடுத்துக் கேட்பது வீண். 'லைட்' என்ன வகை என்பதை அக்கம்பக்கச் சொற்கள்தான் சொல்லும், மாடலும் அவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறது.

பயிற்சித்தாள் தயாரிப்பவர்கள் 50 வாக்கியத்தை ஒரேயடியாக ஓட்டி, தாங்கள் எழுதிய விடையோடு முரண்படும் சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். மரபு வேறுபாடு எது, மாடலின் தவறு எது, நம் கைத்தவறு எது என்று அந்தச் சில வரிகளிலேயே தெரிந்துவிடும்.